ட்யூப் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவள்

இது நிஜமாக நடந்தது. கனவு இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வயிறும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போனேன். அதுவும் பட்டப்பகலில். "பேய் பகல்லயா வரும்?" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பார்த்தது நான். யாருக்காகவும் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

நானும் என் அக்கா கணவரும் சேர்ந்து பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கடை வைத்திருக்கிறோம். அவரை மாமா என்று கூப்பிடுவேன். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி; மற்றபடி நாங்கள் கீரியும் பாம்பும். அவருக்கு ட்யூப் மானிட்டரைக் கண்டாலே ஆகாது. முன்னால் கனமான கண்ணாடி, பின்னால் பானை மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும் முதுகு, தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

"எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுட்டு அந்த ரூமைக் காலி பண்ணும்மா. தட்டை மானிட்டர் வந்தப்புறம் எவன் இதைத் தூக்குவான்?"

"கறுப்புன்னா என்னன்னு இதுக்குத்தான் மாமா தெரியும்."

"வாயால சொல்லாதே. காட்டு."

காட்டுவதற்கு வாய்ப்பும் வந்தது. பழைய புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுக்கும் போட்டோக்காரம்மா ஒருவர், நிறத்தில் பொய் சொல்லாத மானிட்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார். மூன்று மானிட்டர்களை ஒப்பிடுவது, ஜெயித்ததை அவருக்குக் கொடுப்பது என்று முடிவானது. ட்யூப் தோற்றால் கடையில் இருக்கும் எல்லா ட்யூபும் குப்பைக்கு. ஜெயித்தால் மாமா அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்றுமே மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒன்று ட்யூப். மற்ற இரண்டும் தட்டை: ஒன்று சாதாரண ஆபீஸ் ரகம், இன்னொன்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது என்று பெயர் வாங்கிய உயர்ந்த ரகம். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, ட்யூபை நடுவில் போட்டு, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மூன்றுக்கும் ஒரே படம் போகும்படி இணைத்தேன். ஜன்னலில் கறுப்புத் துணி. கதவிடுக்கில் பழைய துண்டு. சோதனை அறையில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் கணக்கு தப்பும்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான்.

ட்யூப் சூடானால்தான் நிறம் நிலைக்கும் என்று அரை மணி நேரம் விட்டேன். பிறகு ஆரம்பித்தேன். மவுஸ் அம்பை வேகமாக இழுத்தால் ஆபீஸ் ரகத்தில் பின்னால் வால் மாதிரி நிழல் ஓடியது. ட்யூபில் அம்பு கத்தி மாதிரி நின்றது. ஒரு முகப்படத்தைப் போட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். ஆபீஸ் ரகத்தில் அந்த முகம் பேயறைந்த மாதிரி வெளிறியது. மற்ற இரண்டிலும் மாறவில்லை. எழுத்துக் கூர்மையில் மட்டும் தட்டைகள் ஜெயித்தன. அதை ஒப்புக்கொள்கிறேன். நான் நியாயஸ்தி.

அடுத்தது கறுப்பு. அதற்காக ட்யூபின் பிரைட்னஸை முப்பதுக்கு இறக்கினேன்.

திரும்பிப் பார்த்தேன்.

நாற்பத்தைந்து.

பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று துணியால் துடைத்தேன். மறுபடி முப்பது. கையை எடுத்தேன். கண்ணெதிரே, திரையில் பிரைட்னஸ் அளவைக் காட்டும் கோடு மெதுவாக நீண்டது... முப்பத்தைந்து... நாற்பது... யாரோ விரலை வைத்து, போதுமா போதுமா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டுகிற மாதிரி.

"அடம் பிடிக்கிறியா?" என்றேன். நானும் அடக்காரிதான். இறக்கினேன். ஏறியது. இறக்கினேன்.

டொய்ய்ங்ங்ங்...

படம் ஒருமுறை உலுக்கி நின்றது. ட்யூபில் சேரும் காந்தத்தை நீக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வரும் சத்தம் இது. நான் அழுத்தவில்லை. என் கை மடியில் இருந்தது.

வெளியிலிருந்து மாமாவின் குரல்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"எழுத்துக்கூட்டிப் படிக்கறதைக் கொஞ்சம் மெதுவாப் படி. இங்க ஆள் வந்து போற இடம்."

நான் படிக்கவே இல்லை.

கதவு திறந்தது. மாமா தலையை நீட்டினார். மூன்று திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "உன் ட்யூப் நல்லாத்தான் இருக்கு" என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவிட்டுக் கதவை மூடினார். துண்டை இடுக்கில் திரும்பச் செருகினேன். அப்போதே அவரோடு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. பயந்து வெளியே வந்தேன் என்றால் அந்த மனுஷன் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்.

உட்கார்ந்தேன்.

ட்யூபின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

உள்ளங்கை அளவு. வாயை ஒட்டி வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி. என் முகம் இருந்த உயரத்தைவிட ஒரு சாண் கீழே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது... மறைந்தது... மறுபடி படிந்தது.

சுருங்கியது.

படிந்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் கடை. என் அறை. என் வேலை. நடுவில் வந்து உட்கார இது யார்?

"கறுப்பைப் பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்று உரக்கச் சொன்னேன்.

மூன்று திரைக்கும் முழுக் கறுப்பைப் போட்டேன்.

தட்டைகள் இரண்டும் சாம்பல் பூத்தன. அவற்றால் முழுதாகக் கறுக்க முடியாது. பின்னாலிருக்கும் விளக்கு கசியும். நடுவில் ட்யூப் மட்டும் கிணறு மாதிரி இருண்டது. தட்டைகளின் கசிவு என் முகத்தில் விழுந்து, அந்தக் கண்ணாடியில் என் முகம் மங்கலாகத் தெரிய வேண்டும்.

ஒரு முகம் தெரிந்தது.

என் முகம் இல்லை.

சின்ன முகம். ஒரு பெண். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே. கண்ணை இடுக்கி... இடுக்கி... எதையோ படிக்கப் பார்க்கிறாள். உதடு அசைகிறது. ஒவ்வோர் எழுத்தாக.

எனக்கும் திரைக்கும் நடுவில்.

எப்படியோ வாய் திறந்தது. என் அக்கா மகளிடம் தினமும் சொல்கிற அதே வார்த்தைதான் வந்தது.

"தள்ளி உக்காரு. கண்ணு கெட்டுடும்."

உதடு நின்றது.

அந்த முகம் பின்னால் வந்தது.

மெதுவாக...

இன்னும் கொஞ்சம்...

கண்ணாடியில் என் முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது.

நாற்காலி கிறீச்சிட்டது.

ஒரு நொடி எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பக்கத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பெரிய எழுத்து லேபிள்கூடப் புகையாகக் கலைந்தது. கண்ணை இடுக்கினேன். இடுக்கியும் தெரியவில்லை. ஐயோ, அந்த ஆபீஸில் இவளுக்கு இப்படித்தான் தெரிந்திருக்குமா என்று ஒரு நினைப்பு... அது என் நினைப்பா என்றும் தெரியவில்லை.

"என் கண்ணு என்னோடது" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

"எழுந்திரு."

லேபிள் தெளிந்தது. கண்ணாடியில் என் முகம்.

பிரைட்னஸ் முப்பதில் அசையாமல் நின்றது.

ஓடினேனா? இல்லை. மீதிச் சோதனை அத்தனையும் முடித்தேன். கறுப்பில் ட்யூப் முதலிடம், அசைவில் முதலிடம், நிறத்தில் உயர்ந்த ரகத்தோடு சமம். வெளியே வந்து மாமாவிடம், "ஜெயிச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துப் போட்டோக்காரம்மா வந்தார். ட்யூபைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. படம் வரவில்லை. ஒரு புள்ளிகூட வரவில்லை. மாமா சிரித்தார். வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். முப்பது வருஷமாக ட்யூப் பார்க்கிறவர். எல்லாரும் அவரை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்க்ரூ முதுகு மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார்.

"இதுல எப்படிம்மா படம் பார்த்தீங்க?"

"ஏன்?"

"ட்யூபோட கழுத்துல விரிசல். உள்ளே காத்து புகுந்துடுச்சு. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னணும். பாருங்க, பாலா வெளுத்துக் கிடக்கு. உள்ளே காத்து புகுந்தா படம் வரவே வராது."

"முந்தாநேத்து வந்துச்சே. அப்புறமா விரிசல் விட்டிருக்கும்."

அவர் டார்ச்சை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். விரிசலுக்குள் தூசி படிந்து, கறுத்து, கெட்டியாகிப் போயிருந்தது. அதன் மேல் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

"இது செத்து வருஷக்கணக்காச்சும்மா" என்றார் ஸ்க்ரூ.

மாமாவைப் பார்த்தேன். மூன்று திரையும் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்த மனுஷன். அவர் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "உடைச்சுடலாம்" என்றார், சத்தமே வராமல்.

"தொடாதீங்க" என்றேன்.

அது இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. அதற்குக் கொடுத்த முதலிடத்தையும் நான் மாற்றவில்லை.