துவைகல்லில் திட்டு வாங்கிய அனிலின்

எங்கள் விடுதியில் படிப்பு நேரத்தில் உதடு அசையக் கூடாது. நாமக்கல் பக்கம் தங்கிப் படித்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும். எனக்கோ வாய் அசையாமல் ஒரு வரியும் ஏறாது. பிறவி வாயாடி, என்ன செய்ய?

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் தேர்வு ஒவ்வொன்றிலும் தோற்றேன். பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சிக்கு என்னால் ஆபத்து. "அடுத்த டெஸ்ட்லயும் போச்சுன்னா ஞாயித்துக்கிழம டிசிய வாங்கிட்டுப் பொட்டியக் கட்டு அம்மணி" என்று சொல்லிவிட்டு, வார்டன் என் அம்மாவுக்கும் போன் போட்டுவிட்டார். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருந்தார். அவருக்கு இதை யார் சொல்வது?

அன்று மாலை துணி துவைக்கப் போனேன். விடுதியில் சத்தம் போட அனுமதி உள்ள ஒரே இடம் துவைகல்தான். ஆத்திரத்தில் பாவாடையை ஓங்கி அடித்து, குழாயடிச் சண்டை கணக்காக வேதியியலையே வம்புக்கு இழுத்தேன்.

"ஏண்டி அனிலின்! நைட்ரோபென்சீன் ஊட்டுப் பொண்ணுதானடி நீ? தகரத்தையும் அமிலத்தையும் வெச்சுத்தானடி உன்னைய ஆளாக்குனாங்க? இப்ப புரோமின் தண்ணியக் கண்டதும் வெள்ளையா வீழ்படிவாகிக் கெடக்குறியே, வெக்கமா இல்ல?"

பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தவள் என் அடுத்த கட்டில்காரி, ஆட்டையாம்பட்டிப் பெண். ஆசிரியர் குரல் உயர்ந்தாலே அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிடும். வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

"ஏம்புள்ள, பொஸ்தகமே பாக்காம அத்தனையும் சொல்லிட்டியே! உனக்குக் கோவம் வந்தாத்தான் ஏறுமாட்டம் இருக்குது."

"உனக்கு?"

"பயம் போனா ஏறும். நீ அனிலினத்தான திட்டுற, என்னைய இல்லையே! இன்னொருக்கா திட்டு. அந்தத் தகரம் எதுக்கு?"

அவள் கேட்ட முதல் சந்தேகம் அது. அந்த வாரம் அழுக்கில்லாத துணியைக்கூடத் துவைத்தோம். அவள் கேட்கக் கேட்க நான் திட்டினேன். இருவருக்கும் பாடம் ஏறியது.

தேர்வறையில் வாயை இறுக மூடிக்கொண்டு, மனதுக்குள் ஒவ்வொரு கேள்வியையும் கல்லில் போட்டுத் துவைத்தேன்.

ஞாயிறன்று பெற்றோர் கூட்டம். என் பெட்டியை ஏற்றிப்போக அம்மா எருமப்பட்டியிலிருந்து குட்டியானை வண்டியே பிடித்து வந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. வார்டன் விடைத்தாளை நீட்டினார். எழுபதுக்கு அறுபத்தாறு!

"யாரப் பாத்து எழுதுன?" என்றார் வார்டன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் நான் பேசும் முன்பே, பக்கத்தில் நின்ற ஆட்டையாம்பட்டிக்காரி வாயைத் திறந்தாள். "அவ யாரையும் பாக்கலீங்க மேடம். துவைகல்லுல படிச்சா. நானும் அங்கதானுங்க படிச்சேன்."

அவளுக்குக் குரல் நடுங்கவில்லை. அப்புறம் என்ன, பெற்றோர் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி அனிலினை வம்சத்தோடு இழுத்துத் திட்டிக் காட்டினேன். வார்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்காரரிடம் திரும்பினார். "வண்டியத் திருப்புங்க. பொட்டி இங்கயேதான் இருக்கும்."

ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: "சத்தமாப் படி சாமி! எருமப்பட்டி வரைக்கும் கேக்கட்டும்!"