சிங்கப்பூரிலிருந்து வந்த மிஸ்டு கால்கள்

எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாள்களை நீதிபதியிடம் நீட்டியதும் என் கட்சிக்காரி மாரீஸ்வரிக்கு முகம் செத்துப்போனது. எல்லாம் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட். சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய கணவன் செல்வகுமார் அவளைக் கூப்பிட்டதும் அவள் எடுக்காததும் பக்கம் பக்கமாக இருந்தன.

"என் கட்சிக்காரர் மனைவியைக் கைவிடவில்லை, யுவர் ஆனர். மனைவிதான் அவரைக் கைவிட்டிருக்கிறார். மாதக்கணக்கில் போன் செய்திருக்கிறார், இந்த அம்மா ஒரு தடவைகூட எடுக்கவில்லை" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த அந்த வக்கீல்.

எனக்குக் கொடுத்த நகலில் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கேஸ் கட்டை மூடி வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. ஆனால் நீதிமன்றத்தில் குஷியை முகத்தில் காட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் முதலில் படித்த பாடம்.

ஆள் இல்லாத ஊருக்கு நோட்டீஸ்

மாரீஸ்வரி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறவள். அதே கம்பெனியில் செல்வகுமார் போர்மேனாக இருந்தவன். கல்யாணமாகி, பவித்ரா பிறந்து, பிள்ளை நடக்கப் பழகிய சமயத்தில் சிங்கப்பூர் போனான். முதலில் தினமும் பேசினான், பிறகு வாரம் ஒரு முறை, பிறகு அதுவும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊருக்குள் தகவல் வந்து சேர்ந்தது.

அவள் என்னிடம் வந்தபோது அவனே விவாகரத்துக்குத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அம்மா மூலம் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தான். அவள்தான் அவனை விட்டுப் போனாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பவித்ராவை அவனுடைய அம்மா வளர்ப்பார்.

"பிள்ளையவும் குடுத்துட்டு, ஓடிப்போனவள்னு பேரும் எடுக்கவாம்மா?" என்று கேட்டாள். "அந்தப் பேரு வந்துட்டா நாளைக்கு எம் பிள்ளையே எம் மூஞ்சில முழிக்காது."

அந்தப் பேர் வராமல் அவளை வெளியே கொண்டுவர வேண்டும். வழக்கு இவ்வளவுதான்.

இளம் வக்கீல்கள் பலர், கணவன் வெளிநாட்டில் என்றதுமே கையைப் பிசைகிறார்கள். வேண்டாம். கல்யாணம் நடந்த ஊரிலோ மனைவி குடியிருக்கும் ஊரிலோ தைரியமாக மனுப் போடலாம். கஷ்டம் எல்லாம் நோட்டீஸ் சேர்ப்பதில்தான். செல்வகுமாரின் வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுபோன கோர்ட் ஊழியரை அவன் அம்மா வாசலிலேயே மறித்தார்.

"அவன் எங்கன இருக்கான்னு பெத்தவளுக்கே தெரியாது. ஒங்க கோர்ட்டுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

அதே அம்மா அந்த வாரம் மகனுக்குக் கருவாடு பொட்டலம் கட்டி ஆள் மூலம் அனுப்பினார் என்பது தெருவுக்கே தெரியும். நான் அதை விவாதிக்கப் போகவில்லை. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்ப நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வாங்கினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, ஆள் அகப்பட்டுவிட்டான். அதன் பிறகுதான் சென்னை வக்கீல் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்தார்.

கேட்டில் நிற்கிறவர்

வாய்தா முடிந்து வெளியே வந்ததும் மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வக்கீலம்மா, பகல்ல கூப்பிட்டா நான் எப்பிடி எடுப்பேன்? போனு கம்பெனி கேட்டுல கெடக்குமே! சாயந்தரம் வந்து திருப்பிக் கூப்பிட்டா அவுக எடுக்க மாட்டாக. இத ஜட்ஜ் ஐயாகிட்ட இப்பவே சொல்லிருவமா?"

"எனக்குத் தெரியும் தாயி. நீ வாயைத் திறக்காதே. அது அவன் வாயால வரணும்."

பட்டாசு விபத்து இழப்பீட்டு வழக்குகளை நான் வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன். ஒழுங்கான யூனிட் எதுவும் வேலையாளைப் போனோடு உள்ளே விடாது. கேட்டில் நிறுத்திச் சோதனை போட்டுத்தான் அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. சென்னை வக்கீலுக்குத் தெரிய நியாயமில்லை. செல்வகுமார் அவரிடம் சொல்லவும் இல்லை.

குறுக்கு விசாரணை அன்று அவன் சிங்கப்பூரில் உள்ள நம் தூதரக அலுவலகத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து திரையில் வந்தான். முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை. மாரீஸ்வரி ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நான் குரலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டேன்.

"ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க, தம்பி?"

"பயர்ஒர்க்ஸ்ல போர்மேன், மேடம்."

"நல்ல போர்மேன்னு சொல்றாங்களே. ஸ்ட்ரிக்ட்டாமே?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா மேடம். என் யூனிட்ல ஒரு ஆக்சிடெண்ட் கிடையாது."

"காலையில கேட்டுல யாரு செக் பண்ணுவா?"

"நான்தான்."

"என்னென்ன வாங்கி வைப்பீங்க?"

"தீப்பெட்டி, பீடி, சிகரெட், செல்போ..." என்றவன் நிறுத்தினான்.

"சொல்லுங்க."

"செல்போன்."

"உங்க மனைவி போனையும் வாங்கி வச்சிருக்கீங்களா?"

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான், மேடம்."

"அவங்க இன்னைக்கும் அதே கம்பெனியிலதான் வேலை பார்க்கிறாங்க. தெரியுமா?"

"தெரியும்."

சென்னை வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

நான் ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்தேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி கூடுதல். அதைக் கழித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் நமக்குக் காலை பத்தரை, பதினொன்று, பகல் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவங்க வீட்டுலதான இருப்பாங்க? அப்போ ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அதுவரை மரியாதையாக மேடம் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கோபம் வந்து, ஊர்ப் பேச்சும் கூடவே வந்துவிட்டது.

"அப்பக் கூப்பிட்டா அவ எடுத்திருவால்லா!"

நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். நான் "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தேன்.

இன்னொரு மட்டம்

கணவன்தான் மனைவியைக் கைவிட்டான் என்று தீர்ப்பாகி விவாகரத்து கிடைத்தது. பவித்ரா தாயிடமே இருக்கலாம் என்றும் உத்தரவானது.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதிராளி எத்தனை கடல் தாண்டிப் போயிருந்தாலும், ஊரில் அவன் என்ன வேலை பார்த்தான் என்று முதலில் கேளுங்கள். பொய் சொல்கிறவன் தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தை வைத்துத்தான் பொய் சொல்வான். அந்த இடம் உங்களுக்கும் தெரிந்திருந்தால் போதும்.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று மாரீஸ்வரி சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூராம் இங்கிலீஷா இருக்கேம்மா" என்றாள்.

"விவாகரத்து ஆயிருச்சுன்னு போட்டிருக்கு. பிள்ளை உங்கிட்டதான்னு போட்டிருக்கு."

"அது தெரியும்மா. நான் விட்டுட்டுப் போகலைன்னு போட்டிருக்கா?"

போட்டிருந்தது. அந்த இடத்தைத் தேடி விரல் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: "மனைவி கணவரைக் கைவிட்டார் என்பது உண்மையல்ல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அழைத்து வந்திருந்த பவித்ரா அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி அவளை உள்ளே கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டாள்.

"அந்த வரிய இன்னொரு மட்டம் வாசிங்கம்மா" என்றாள். "பிள்ள கேக்கட்டும்."