நாற்று மாதிரி நட்ட சவுக்கு

என் கையெழுத்து கோணலாக ஓடும். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றும் எனக்குத் தகராறுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

சுரக்குடியில் எங்களுக்கு நெல் விவசாயம். கருக்களாச்சேரிப் பக்கம் கடலோரமாக ஒரு மணல் திடலும் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவில் இருந்தது. முன்பு அதில் கடலை போடுவோம். சுனாமியில் உப்புத் தண்ணீர் ஏறிய பிறகு கடலை சரியாக வரவில்லை. அடுத்த மழைக்குச் சவுக்கு வைக்கலாம் என்றார் அண்ணன்.

நானும் என் மனைவியும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். ஒரே அடுப்பு. அண்ணிக்கும் அவளுக்கும் அந்த அடுப்படி போதவில்லை. “சவுக்க வெட்டினதும் அதுலயே கால் நட்டு, நீ தனியா ஒரு கீத்து வீடு போட்டுக்கடா” என்று அண்ணனே சொல்லியிருந்தார். கன்று வருமுன்பே எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

நடுவதற்கு அண்ணன் கூப்பிட்டது எங்கள் வயலில் நாற்று நடும் பெண்களை. பக்கத்துத் திடல்காரர் முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு கன்று வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் வயலில் நடுவதுபோலவே குனிந்து, கண் அளவில் பின்னால் நகர்ந்துகொண்டே நட்டார்கள். தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்குப் பக்கத்தில் நெருக்கமாக, தூரம் போகப் போக எட்ட எட்ட.

“அக்கா, அந்தக் கோடியில ரொம்ப எட்டத்துல வக்கிறீங்களே.”

“கோடைக்கிக் கொடம் தூக்கப் போறது நாங்க தம்பி. கயித்துக்காரரு வந்து தூக்குவாரா?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். “வெள்ளாம வீட்டுப் புள்ளையாடா நீ? சந்து வுட்டா என்ன, தூர் கட்டி மூடிக்கும்” என்றார்.

நெல்லுக்கு அது சரி. இடம் கிடைத்தால் ஒரு குத்து நாற்று பக்கவாட்டில் தூர் வெடித்து இடைவெளியை அடைத்துவிடும். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்த கண் அவருக்கு. சவுக்கு அப்படிச் செய்யாது என்று அடித்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டாம் வருடம் எல்லாம் வெளியே தெரிந்தது. ஊற்றுப் பக்கத்து மரங்கள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு, பருக்காமல் நெட்டுக்குப் போயின. கோடியில் இருந்தவை பருத்தன; ஆனால் அடியிலிருந்தே கிளை விட்டுப் புதராயின. சந்துகளில் கடல்காற்று புகுந்து மரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

“நெருக்கமா இருக்குறதுல ஒண்ணு வுட்டு ஒண்ண எடுத்துடலாம்ணே.”

“நட்டதப் புடுங்கச் சொல்றியா? நல்லாருக்குடா.”

அதற்குப் பதில் அவர் சந்துகளில் புதுக் கன்று வைத்தார். பெரிய மரங்களின் நிழலிலும் வேரிலும் சிக்கி அவை இடுப்பளவுக்கு மேல் வரவே இல்லை.

ஒருநாள் என் மனைவி தோப்பைப் பார்க்க வந்தாள். “ஏங்க, இதுல எது நம்ம வீட்டுக் காலு?” என்று கேட்டாள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு மரம் இல்லை.

இந்த வருடம் வெட்டினோம். கூரை போடுகிறவர் வந்து கழிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “கோச்சுக்காதீங்க. ஒண்ணு ஒலக்க மாரி இருக்கு, ஒண்ணு வெரலு மாரி இருக்கு. பருமனா உள்ளது வளைஞ்சு கெடக்கு. காலுக்குக் காலு சோடி சேராம கூர எப்புடி ஒக்காரும்? ஆட்டுக் கொட்டா வேணா போடலாம்” என்றார்.

பக்கத்துத் திடலில் கழிகள் ஒரே வார்ப்பில் ஊற்றியதுபோல அடுக்கிக் கிடந்தன. அதே மணல், அதே மழை.

“உள்ளதுல நல்லதாத் தேடி எடுத்துக்கடா. எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றார் அண்ணன். மனசாரத்தான் சொன்னார். அதனால் அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

ஆட்டுக் கொட்டகைதான் போட்டோம். “ஆட்டுக்காவது தனிக்குடித்தனம் கெடச்சுதே” என்று சொல்லிவிட்டு என் மனைவி பழைய அடுப்படிக்குப் போனாள்.

இந்த மழைக்கு மறுபடியும் கன்று வந்தது. மறுபடியும் அதே பெண்கள் வந்து நின்றார்கள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, “கடல் பக்கத்துப் பாதி என் பாகம். அதுல கயிறு போட்டுத்தான் நடணும்” என்றேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நட்டுக்க. தண்ணியும் நீயே தூக்கு.”

நானும் என் மனைவியும் முடிச்சு பார்த்து நட்டோம். மழை விட்டால் குடம் எங்கள் தலையில். வீடு இன்னும் நாலைந்து வருடம் தள்ளி நிற்கிறது. அன்றே கயிறு போட்டிருந்தால் இந்நேரம் அதில் குடியிருந்திருப்போம் என்ற நினைப்பு, குனிந்து ஒவ்வொரு கன்று வைக்கும்போதும் வந்தது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதி வைக்கிறேன்.

2009, கார்த்திகை 12.