ஊரப்பாக்கத்து டிரையர் சூடேறிய மழைக்காலம்

துணி காயவைக்கும் டிரையரைப் பழுதுபார்க்கும் தொழிலில் பாதி நேரம், உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று தேடுவதிலேயே கழிந்துவிடும். நாற்காலி முதுகிலும் சன்னல் கம்பியிலும் ஈரத் துணியை விரித்துவிட்டு, மூன்றாம் நாளும் அது காயாமல் வாடையடிப்பதைப் பார்த்துக்கொண்டு கார்த்திகை மாதத்தைக் கடந்த வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே துன்பத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்கள்.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மேற்குத் தாம்பரத்தில் வீட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் ஜமாலுக்குக் கூட்டாளியாக இருந்தேன். ஜமால் நாற்பது வயதை நெருங்கிய மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரர். புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. பகலில் பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு, நானும் ஒரு பெண் என்பதால், உடன் செல்வேன். வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்பியவர்களோடு டிரையரும் எங்கள் புறநகர்களுக்கு வந்து இறங்கிய காலம் அது. இங்கே எழுதுபவை யாவும் ஒரே மழைக்காலத்தில் நிகழ்ந்தவை.

முதல் ஃபியூஸ்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், இரண்டாம் மாடியில் ரேவதியின் வீடு. நான்கு மாதத்து இரட்டைப் பெண் குழந்தைகள். கணவர் விடியும் முன்பே அலுவலகப் பேருந்தில் ஏறிவிடுவார். டிரையர் கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் இருந்தது. தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது, பிறகு நின்றுவிடுகிறது என்பது புகார்.

அளவு மீறிச் சூடேறினால் இயந்திரத்தை நிறுத்திவிடுவதற்கென்றே அதனுள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஃபியூஸ் உண்டு. ஒருமுறை போனால் போனதுதான். புதிதாகத்தான் போட வேண்டும். ஜமால் மாற்றினார். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பஞ்சுத்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி பளிச்சென்று இருந்தது. சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் அலுமினியக் குழாய், மடிப்பு எதுவும் இல்லாமல் சன்னல் வழியே நேராகச் சென்றது. தரைகூட அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு மின்னியது. பதிவேட்டில் "குறை இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். காரணம் தெரியாமல் ஃபியூஸை மட்டும் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லாத செயல். நெருப்புக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் நடுவே இருந்தது அந்தச் சிறு பொருள் ஒன்றுதான்.

நாங்கள் படியிறங்கும்போது ரேவதி சொன்னாள்: "இதுவும் நின்னுடுச்சுன்னா, மேடம், ரெண்டு பேரையும் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அவரு இங்க தனியா உக்காந்து இட்லி வெந்துதான்னு பாத்துக்கட்டும்."

மேடவாக்கத்துக் கொசுவலை

அடுத்த வாரம் மேடவாக்கத்தில் இதே புகார். தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால், தேங்கிய மழைநீரில் நான் முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நடந்தே போனோம். அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. ஜமால் மாடிச் சுவரின் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தார். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலையை நான்காக மடித்து ஆணியடித்திருந்தார்கள்.

வலையைப் பிய்த்தபோது, அதன் மீது படிந்திருந்த பஞ்சுத்தூசி கம்பளித் துண்டு போல ஒரே தகடாக உரிந்து வந்தது. வெளிர் நீலமும் சாம்பலும் நடுவே மெல்லிய ரோஜா நிறமுமாக, அந்தக் குடும்பம் ஓராண்டு முழுவதும் உடுத்தியவை அத்தனையும் சேர்ந்து நெய்த மேகம். மழைச் சாரலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டேன். எடையே தெரியவில்லை. ஜமால் இருமிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்ற நினைவு வந்தது.

காற்று போக வழியில்லாவிட்டால் தீப்பிடிக்கும் என்று கண்டிப்பாகவே எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்: "காத்து போகட்டும், மேடம், நான் வேணாங்கல. அது போற வழியா கொசு வரக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

இரண்டாவது ஃபியூஸ்

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ரேவதியைத் தொலைபேசியில் அழைத்துக் கொசுவலை ஏதும் அடித்திருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். ஃபியூஸ் மறுபடியும் போய்விட்டது.

இம்முறை அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். வருகிறோம் என்று முறைப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெப்பமானியோடு போனேன். அன்றும் தரை துடைத்த ஈரத்தோடு இருந்தது. பின்பலகையைக் கழற்றியபோது வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் பஞ்சுத்தூசி இருந்தது, துடைத்தெடுத்தோம். புதிய ஃபியூஸைப் பொருத்தி, ஈரத் துணியைப் போட்டு ஓடவிட்டு, எதிரே ஒரு முக்காலியில் அமர்ந்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்தேன். ஒரு அளவுகூட எல்லையைத் தாண்டவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. உள்ளே துணிகள் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து சுழன்றன. இளஞ்சூடான பருத்தியின் வாசனை அறையை நிறைத்தது. ரயில் கடந்து போனது வேறு ஏதோ ஊரில் போவது போலக் கேட்டது. கூடத்துத் தூளியில் அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தைகள் இரண்டும், இயந்திரம் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அமைதியாகிவிட்டன. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை, ஏனெனில் என் பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இல்லை. மீண்டும் "குறை இல்லை." மீண்டும் என் கையொப்பம்.

தெருவுக்கு வந்ததும் ஜமால் சொன்னார்: "நம்ம தலையப் பாத்தா மெஷின் நல்ல புள்ளையாட்டம் நடிக்குது, மேடம். நாம இந்தாண்ட வந்தா அந்தாண்ட ஆரம்பிச்சுடுது."

கூடுவாஞ்சேரி மிளகாய்

கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டிலிருந்து, டிரையர் கருகுகிறது, மாடி முழுவதும் இருமுகிறார்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் போனபோது வீடு கல்யாண வீடு போலத் துலக்கமாக இருந்தது. இயந்திரத்தின் உருளையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். ஊதுவத்தி வேறு எரிந்தது. வீட்டுக்காரம்மாள், ஐம்பது வயது இருக்கும், துணியைத் தவிர வேறெதுவும் போட்டதே இல்லை என்றார். அப்படிச் சொல்லும்போதே மூன்று முறை தும்மினார்.

வடிகட்டியைத் தட்டினேன். என் உள்ளங்கையில் ஒரே ஒரு மிளகாய் விதை விழுந்தது. அதன் பிறகு உண்மை வெளிவந்தது. வெயில் இல்லாத காரணத்தால், இரண்டு கிலோ மிளகாயைத் தலையணை உறையில் கட்டி உள்ளே போட்டிருக்கிறார், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு மணி நேரம் தேடியிருக்க வேண்டாமே என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்து அவர் சொன்னார்: "நீங்க வரீங்கன்னு போன் பண்ணீங்க இல்ல, அதான் கழுவித் தொடச்சு வச்சேன். வேற எப்படி வைப்பாங்க?"

ஒரு துண்டுக் கம்பி

தாம்பரம் போகும் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பிகளில் நீர்த்துளிகள் ஒன்றையொன்று துரத்திச் சரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே இருந்தேன். அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்விதான். நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். ஒவ்வொரு வீடும் எங்களுக்காகத் துடைத்து வைக்கப்படுகிறது. ஊரப்பாக்கத்தில் தரை இரண்டு முறையும் ஈரமாக இருந்தது. அப்படியானால் அங்கே நான் சோதித்தது எதை?

அடுத்த நிலையம் ஊரப்பாக்கம்தான். இறங்குவோம், சொல்லாமலே போய்ப் பார்ப்போம் என்றேன். ஜமால் எழுந்து போய்க் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். நேற்று நான் கடையில் இல்லாதபோது ரேவதி அழைத்திருக்கிறாள். மூன்றாவது ஃபியூஸும் போய்விட்டது. கையிருப்பில் வேறு இல்லை. அவர் தனியாகப் போய், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி இணைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இனி அந்த இயந்திரம் எவ்வளவு சூடானாலும் நிற்காது. கைபேசியில் ரேவதியின் எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜமால் கதவுக் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு கொழந்தையும் ஈரத்துல கத்துது, மேடம், மனசு கேக்கல. நாளைக்கு ஃபியூஸ் வந்துரும், ஒரு நாள்தானேன்னு பண்ணிட்டேன்."

மூடிய அறை

என் வயதுக்கு நான் அவ்வளவு வேகமாக நடந்திருக்கக் கூடாது. அழைப்பு மணியை இரண்டாம் முறை அடித்தபோது ரேவதி கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். கூடத்தில் தூளி இல்லை. சிறிய அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து டிரையர் ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் சித்திரை மாதத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. சன்னல் மூடியிருந்தது. குழாயை அதிலிருந்து கழற்றி, சூடான காற்று அறைக்குள்ளேயே வீசும்படி தரையில் போட்டிருந்தாள். அதற்கு மேலே, கொக்கியில், தூளி. ஒன்றின் தோளில் மற்றொன்று தலை சாய்த்து இரண்டும் உறங்கின. நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. பஞ்சுத்தூசி காற்றில் மிதந்து, மிக மெதுவாக, அவற்றின் போர்வையின் மீது இறங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்குள் ஈரத் துணி எதுவும் இல்லை. காய்ந்த துண்டு ஒன்று மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு கணம் எனக்கே அதைக் கலைக்க மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜமால் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நின்றது, குழந்தைகள் விழித்து அலறின. நான் தூளியிலிருந்து ஒன்றை எடுத்தேன், ரேவதி மற்றொன்றை எடுத்தாள். ஜமால் பின்பலகையைக் கழற்றினார். சூடேற்றும் சுருளின் ஓரத்தில் படிந்திருந்த பஞ்சுத்தூசி காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. தான் வெளியேற்றிய சூட்டையும் தூசியையும் தானே மறுபடி உள்ளிழுத்து, இயந்திரம் மதியந்தோறும் மேலும் மேலும் சூடேறியிருக்கிறது. அந்தச் சூடும் சத்தமும் இல்லாமல் குழந்தைகள் உறங்குவதில்லை. நாங்கள் வருவதாகச் சொன்ன நாட்களில் மட்டும் அவள் தூளியைக் கூடத்துக்கு மாற்றி, குழாயைச் சன்னலில் பொருத்தி, தரையில் படிந்த தூசியைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

ஜமால் கம்பியைப் பிய்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. என் இரண்டு கையொப்பங்களும் அவருடைய கம்பிக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. மறுநாள் பதிவேட்டில் "குறை இல்லை" என்ற இரு இடங்களையும் அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். புதிய ஃபியூஸ் வந்ததும் பொருத்தினோம். தூளி கூடத்திலேயே இருக்க வேண்டும், குழாய் சன்னலை விட்டு அசையக் கூடாது என்று ரேவதியிடம் உறுதி வாங்கினேன். சூடே இல்லாமல் வெறும் காற்றில் சுழலும் ஒரு நிலை அந்த இயந்திரத்தில் இருந்தது. அதில் திருப்பிவிட்டுக் காட்டினேன். அதே சத்தம். குழந்தைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு உறங்கிப்போயின.

ஒவ்வொரு முறையும் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. உறங்கும் குழந்தையின் முதுகைத் தட்டியபடி சொன்னாள்: "மறைக்கல, மேடம். வீட்டுக்கு ஆள் வராங்கன்னா அப்படியே போட்டு வைக்க முடியுமா?"

மொத்தத்தில், அந்தத் தொழிலில் இருந்தவரை நான் தேடிப் போன பழுதுகளில் பெரும்பாலானவை, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பாகவே மரியாதையின் பொருட்டுத் துடைத்து வைக்கப்பட்டுவிட்டன.