பருப்பைக் கடித்துப் பார்த்த ரீச்சர்

துறைமுக வீதியில் நான் பலசரக்குக் கடை வைத்திருந்தபோது, சம்பளம் எடுத்த கையோடு முதலில் வருகிறவர் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். முஸ்லிம் கடைக்காரனான என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். குடையைக் கதவில் கொழுவிவிட்டு, சாக்கிலிருந்து ஒரு பருப்பை எடுத்து முன்பல்லால் கடிப்பார்.

"பழசு, நானா. விலையைக் குறையுங்கோ."

நான் குறைக்காத மாதம் இல்லை.

இறக்குமதிச் சாமான் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில், எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்று வந்தது. சாமானை நாமே ராக்கைத் தட்டிலிருந்து எடுத்துக் காசு கட்ட வேண்டும். ரீச்சர் அங்கே போகத் தொடங்கினார். அதே பருப்பு, பொலித்தீன் பையில், என்னுடையதைவிடக் கூடின விலைக்கு. கடிக்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டு காசு கட்டினார். எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடிக்குள்ளால் நான் என் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் கடைக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு சின்னக் கல்.

"அங்க வாங்கின பருப்புக்குள்ள கிடந்தது, நானா. பல்லு உடையப் பாத்தது."

"அங்கயே சொல்லலாமே, ரீச்சர்."

"அங்க ஆரோட கதைக்கிறது? எல்லாத்திலயும் விலை ஒட்டிக் கிடக்கு."

அரை மணித்தியாலம் நின்று அந்தக் கடையை ஏசினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. புதுச் சாக்கைப் பிரித்து ஒரு கை பருப்பு அள்ளி நீட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்து, முதல் தடவையாக "இது நல்லம்" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, வீதியைக் கடந்து, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

ஏசுவதற்கு நான், வாங்குவதற்கு அந்த எதிர்க்கடைக்காரன். அது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.