லொரெட்டாவின் கண் இமை

ராச்செஸ்டர் பல்கலைக்கழக லேசர் ஆய்வுக்கூடத்தின் தூசியில்லா அறைக்குள் யார் நுழையலாம் என்று முடிவு செய்பவள் லொரெட்டா பிஸ்கோர்ஸ்கி. இருபத்தெட்டு வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். முகத்தில் பவுடர், தலையில் ஸ்பிரே எது இருந்தாலும் போச்சு. பதிவேட்டில் பெயரை எழுதி, அன்று முழுக்க வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மீசையில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்ததற்காக டீனையே அனுப்பியவள்.

உள்ளே அவள் செய்வது ஆன்டெனா. கூரைமேல் நிற்கும் ஆன்டெனா அல்ல. இரண்டு குட்டித் தங்கக் கம்பிகள், நடுவே ஓர் இடுக்கு. லேசரைக் காட்டினால் வெளிச்சமெல்லாம் அந்த இடுக்குக்குள் போய் முட்டி மோதும். ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் ஒரு சிம்பு அதற்குள் நுழையாது. நகமளவு சிலிக்கான் சில்லு ஒன்றில் பத்தாயிரம் ஜோடி செய்வாள். ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்த்ததில்லை.

ஏழாம் சில்லில் ஒரே ஒரு ஜோடி கணக்குக்கு மீறி ஒளியைக் குவித்தது. கூடத்தை நடத்தும் பேராசிரியர் கீகன் மூன்று வருடமாக அதை வைத்தே பேர் வாங்கிக்கொண்டிருந்தார். நிதி தருகிறவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை வர்றோம். இன்னொண்ணு செஞ்சு காட்டுங்க, இல்லேன்னா கூடத்தை மூடிடலாம்" என்றார்கள். நாற்பது சில்லு செய்தும் ஒன்றும் தேறவில்லை.

புதன்கிழமை லொரெட்டா ஏழாம் சில்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாள். இடுக்கின் நடுவில் அழையாத விருந்தாளியாக ஒரு தங்க மணி உட்கார்ந்திருந்தது. சில்லின் தேதியைப் பார்த்தாள். அக்கா மகள் கல்யாணத்துக்கு மறுநாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"புரொபசர், அது என் கண் இமை."

"என்னது?"

"கல்யாணத்துல அசல் தங்கப் பொடி பூசிவிட்டாங்க. ரெண்டு தடவை கழுவினேன். போகலை போல, சில்லுமேல உதிர்ந்திருக்கு."

கீகன் துள்ளி எழுந்தார். "அப்ப வெள்ளிக்கிழமையும் பூசிட்டு வாங்க!"

"மேக்கப்போட யாரும் என் அறைக்குள்ள வர முடியாது. நானும்தான்."

"கூடமே போயிடும் லொரெட்டா! உங்க வேலையும் சேர்த்து!"

அவள் விதிகளை எடுத்து வரிவரியாகப் படித்தாள். தடை முகத்துக்குத்தான், குப்பிக்கு இல்லை. அக்கா மகளிடம் மிச்சமிருந்த பொடியை வாங்கி, குப்பியில் அடைத்து, 'ரசாயனம்: தங்கத் துகள்' என்று சீட்டு ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர்கள் கண்ணெதிரே, துளி நீரில் கலக்கிச் சில்லின்மேல் சொட்டினாள். முப்பத்தோரு இடுக்கில் மணி சிக்கியது. முப்பத்தொன்றும் ஜொலித்தன. இன்னும் ஐந்து வருடம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கைகுலுக்கத் தேடினால் லொரெட்டாவைக் காணோம். வாசல் மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தின் ஓரத்தில், மை காயாமல்: 'லொரெட்டா பிஸ்கோர்ஸ்கி. கண் இமையில் தங்கம். அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை.' அதன் கீழே இன்றைய தேதி.

'அனுப்பியாயிற்று.'