தங்கவயல் வெயிலில் ஒரு முகம்

காலை எட்டு மணிக்குப் பௌரிங்பேட்டையில் ரயில் மாறினேன். அங்கே கூலிக்காரன் என் பெட்டியைத் தொப்பென்று போட்டதில், படம் பிடிக்கும் கண்ணாடித் தகடுகளில் இரண்டு தவிர எல்லாம் நொறுங்கின. நான் போட்ட கூச்சலுக்கு ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், படம் பிடிப்பவன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தவள் ராஜம்மாள், சுரங்கத் தொழிலாளி சின்னப்பனின் மனைவி.

"எங்க வீட்டுக்காரரு பேர்லயே இன்னொருத்தர் சுரங்கத்துக்குள்ள செத்துட்டாரு ஐயா. குடியாத்தத்துல மாமியாருக்கு இவருதான்னு சேதி போயிடுச்சு. கடுதாசி போட்டோம், நம்பல. சோறு தண்ணி இல்லாம கெடக்குறாங்களாம். லீவு கேட்டா வேல போயிடும். நீங்க அந்த வழியாதானே போறீங்க? ஒரு படம் காட்டுங்க."

உச்சிவேளையில் ஷிப்ட் முடிந்து, இரும்புக் கூண்டில் சின்னப்பன் மேலே வந்தார். வெளிச்சம் எவ்வளவு கொட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அன்றுவரை என் கட்சி. நட்டநடு வெயிலில் நிறுத்தினேன். பாதாள இருட்டிலிருந்து வந்த கண்கள் திறக்கவே இல்லை. தகட்டைக் கழுவிப் பார்த்தேன். கண்குழிகளில் நிழல், மூடிய இமைகள். பாடையில் கிடத்திய முகம்!

மிச்சம் ஒரே தகடு. மூன்று மணிக்குக் கொட்டகை நிழலில், வடக்கு வாசலைப் பார்த்து நிறுத்தினேன். அங்கே வெளிச்சம் அடிக்காமல் முகத்தைத் தடவிக்கொண்டு வந்தது. கண்கள் தாமாகவே மலர்ந்தன. ஆனால் வெளிச்சம் குறைந்தால் நேரம் அதிகம் வேண்டும். நான் நாலு எண்ணும்வரை அசையக் கூடாது.

"மெழுகுவத்தி ஏத்திக் கையில வச்சிக்கிறேன் ஐயா. உள்ள அதான் எங்களுக்குக் கண்ணு" என்றார்.

காமிராவின் மூடியைத் திறந்து மூன்று எண்ணினேன். காற்று வீசியது. அவருடைய இடது கை எழுந்து சுடரை மறைத்தது.

"ஏன்யா அசைஞ்ச?"

"இன்னா பண்றது ஐயா! உள்ள வத்தி அணைஞ்சா வழி தெரியாது. கை தானா போயிடுது."

முகம் தெளிவாக விழுந்திருந்தது; கை மட்டும் வெறும் புகை. மறுநாள் காலை வெயிலில் தாளில் அச்செடுத்து, வெட்கத்தோடு ரயிலேறினேன்.

குடியாத்தத்தில் சின்னப்பனின் தாய் சுருண்டு படுத்திருந்தார். மருமகள் என்று ஒருத்தி அருகில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள்; இளைய மகனின் மனைவியாம். படத்தை வாங்கிய தாய் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"செத்தவங்களயும் உக்கார வச்சிப் படம் எடுப்பாங்களாமே?" என்றார். பிறகு அவர் விரல் அந்தப் புகையில் போய் நின்றது.

"இது இன்னா?"

"காத்து வீசிச்சும்மா. வத்தி அணையக் கூடாதுன்னு கையைக் கொண்டுபோனாரு. கை அசைஞ்சதால புகையா விழுந்திடுச்சு."

அழகாக விழாத படங்களை இதுவரை எத்தனை உடைத்திருப்பேன்! அந்தக் கிழவி புகையை மெல்லத் தடவினார். பிறகு எழுந்து உட்கார்ந்து, மருமகள் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கஞ்சிய இப்டி குடு."